மூன்றாந்தரப் படம், முதல்தர இசை

இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது, இத்தாலியில் 1960களின் கடைசியில் தொடங்கிச் சுமார் இருபது வருஷம் குறைந்த செலவில் எடுத்துத் தள்ளிய, காமமும் கொலையும் கலந்த மர்மப் படங்களைப் பற்றி. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் பதறவேண்டாம். நான் ஒலிப்பதிவு வேலை பார்ப்பவள். படத்தில் யார் எதை அணிந்திருந்தார் என்பதைவிட, யாருடைய செருப்பு எந்தத் தரையில் எப்படிச் சத்தம் போட்டது என்பதுதான் எனக்கு முக்கியம். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் கேட்கலாம்.

இத்தாலிக்காரர்கள் எடுத்த படத்துக்கும் சிங்கப்பூருக்கும் என்ன சம்பந்தம் என்றால், கொஞ்சம் இருக்கிறது. 1991 ஜூலையில் இங்கே பெரியவர்களுக்கென்று தனி வகைப்பாடு வந்தது. அதுவரை கத்தரிதான். இனி 18 வயது நிரம்பினால் வெட்டாத படம் பார்க்கலாம் என்றார்கள். நல்ல படங்களுக்காகத் திறந்த கதவு அது. முண்டியடித்து உள்ளே வந்தவை மலிவான கவர்ச்சிப் படங்கள். எதிர்ப்பு கிளம்பியது. செப்டம்பரிலேயே வயதை 21 ஆக்கி, ‘ஆர்ஏ’ என்று பெயரையும் மாற்றிவிட்டார்கள். குடியிருப்புப் பேட்டைத் திரையரங்குகளில் அந்த வகைப் படம் கூடாது என்றும் ஆயிற்று. அதனால் எங்கள் தெம்பனிஸ் கடைத்தொகுதிக்குள் திரையரங்கு வந்த பிறகும், அப்படிப்பட்ட படம் பார்க்க ஆசைப்பட்டவர் பல வருஷம் எம்ஆர்டி ஏறி நகரத்துக்குத்தான் போகவேண்டியிருந்தது. சைனாடவுன் பேர்ல்ஸ் சென்டரில் இருந்த யாங்சே திரையரங்கு சிலருக்கு ஞாபகம் இருக்கும். 1977ல் திறந்தது. பிற்காலத்தில் பகல் காட்சிக்கு வயதான ஆண்கள் தனித்தனியாக வந்து தள்ளித்தள்ளி உட்காருகிற இடமாகிவிட்டது. 2016 பிப்ரவரியோடு மூடினார்கள். கட்டடமும் இப்போது இல்லை. அங்கே போனதுண்டா என்று என்னைக் கேட்காதீர்கள், மாமியார் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சரி, படங்களுக்கு வருவோம். இத்தாலியில் மொண்டதோரி என்ற பதிப்பகம் 1929லிருந்து மஞ்சள் அட்டையில் துப்பறியும் நாவல்கள் போட்டது. மஞ்சளுக்கு அங்கே ‘ஜாலோ’ என்று பெயர். அதுவே இந்தப் படங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. 1963ல் மரியோ பாவா ஒரு படத்தில் பிள்ளையார் சுழி போட்டார். 1970ல் தாரியோ அர்ஜெந்தோவின் ‘பளிங்குச் சிறகுப் பறவை’ பெரிய வெற்றி பெற்றது. பறவை ஓடிவிட்டதா, உடனே ஒரு மிருகக்காட்சிசாலையே கிளம்பிவிட்டது. பூனை, ஈ, பல்லி, இகுவானா, சிலந்தி, வாத்து என்று ஆளுக்கொரு பிராணியைப் படத்தின் பெயரில் கட்டி இழுத்து வந்தார்கள். இன்னொரு பக்கம் உம்பர்த்தோ லென்ஸி, செர்ஜியோ மார்த்தினோ போன்றவர்கள் மர்மத்தோடு படுக்கையறையைச் சேர்த்தார்கள். பணக்கார வீடு, அழகான மனைவி, சந்தேகத்துக்குரிய கணவன், கறுப்புக் கையுறை போட்ட ஒரு கை, மேசைமேல் எப்போதும் ஒரு ஜேஅண்ட்பி விஸ்கி போத்தல். இந்த விஸ்கி போத்தலை எண்ணிக்கொண்டே படம் பார்க்கிற ரசிகர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

அந்தக் காலத்து இத்தாலியில் படம் முதலில் பெரிய நகரத்துப் பெரிய அரங்குக்கு வரும், பிறகு இரண்டாம் சுற்று, பிறகு மூன்றாம் சுற்று. தமிழ்நாட்டு டூரிங் கொட்டகைக்குப் படம் கடைசியில் வந்து சேர்ந்த மாதிரி. அந்த மூன்றாம் சுற்று அரங்குகளின் பசிக்குத்தான் இவற்றில் பாதி எடுக்கப்பட்டது. காசு கிடையாது. மரியோ பாவா 1971ல் ஒரு படம் எடுத்தபோது கேமராவை நகர்த்தத் தண்டவாளத்துக்கு வழியில்லாமல், குழந்தைகள் இழுத்து விளையாடும் வண்டியில் வைத்துத் தள்ளினார். காடு வேண்டுமென்றால் லென்ஸுக்கு முன்னால் நாலு கிளையை ஆட்டச் சொன்னார். ஒளிப்பதிவும் அவரேதான். அதே வருஷம் லூச்சோ ஃபுல்ச்சியின் பல்லிப் படத்தில் நாய்களை உயிரோடு அறுத்துவிட்டார்கள் என்று வழக்கு வந்தது. கார்லோ ராம்பால்டி என்ற கைவினைஞர் தான் செய்த பொம்மை நாய்களை நீதிமன்றத்துக்கே தூக்கிப்போய்க் காட்டி இயக்குநரைக் காப்பாற்றினார். அதே ராம்பால்டிதான் பின்னால் ‘இ.டி.’ என்ற வேற்றுக்கிரகப் பொம்மையைச் செய்து ஆஸ்கர் வாங்கினார்.

ஒளிப்பதிவைப் பற்றி இன்னும் இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அதைத் தாண்டிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு ஒலிக்கு வந்தாகவேண்டும்.

இந்தப் படங்களைப் படப்பிடிப்பில் ஒலி இல்லாமலே எடுத்தார்கள். நடிகர் அமெரிக்கர், நடிகை அல்ஜீரியாவில் பிறந்த பிரெஞ்சுக்காரி, வில்லன் உருகுவேக்காரர். ஆளுக்கொரு பாஷையில் வசனம் பேசிவிட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு ரோமாபுரியில் இருட்டறையில் யார் யாரோ உட்கார்ந்து அந்த வாய்களுக்குக் குரல் கொடுப்பார்கள். இதைக் கேட்டு நாம் சிரிக்க முடியாது. சிம்ரனுக்குப் பல படங்களில் சவிதாவும், ‘பம்பாய்’ படத்தில் மனிஷா கொய்ராலாவுக்கு ரோகிணியும் குரல் கொடுத்து நாம் உருகியிருக்கிறோம்.

ஆக, படத்தில் கேட்கும் ஒவ்வொரு சத்தத்தையும் யாரோ தனியாக உட்கார்ந்து செய்யவேண்டும். அந்த யாரோ நான் என்பதால் சொல்கிறேன், அது ரொம்பச் சுகமான வேலை. உடம்பில் கத்தி இறங்கும் சத்தத்துக்கு முட்டைக்கோஸ். எலும்பு முறிய செலரி. கையுறை போட்ட கை கதவுப்பிடியைப் பற்றும் சத்தத்துக்கு என் பழைய தோல் கைப்பையை மைக்குக்கு அரை சாண் தூரத்தில் வைத்து மெல்லக் கசக்குவேன், கறகறவென்று வரும். முட்டைக்கோஸ் வாங்க எங்கள் ஸ்திரீட் 11 வட்டச் சந்தைக்குப் போவேன். ஒவ்வொன்றையும் காதருகே வைத்துத் தட்டிப் பார்ப்பேன். உள்ளே இலை நெருக்கமாக இருந்தால்தான் கத்தி இறங்கும்போது சத்தம் இரண்டு கட்டமாக வரும், முதலில் ஒரு ‘சரக்’, பிறகு ஈரமாக ஒரு ‘சளக்’. காய்கறிக்கடைச் சீன அங்கிளுக்கு நான் ஏதோ பெரிய சமையல்காரி என்று எண்ணம். எந்த மாதிரி சூப் வைப்பாய் என்று கேட்பார். கொலை செய்யப்போகிறேன் என்று எப்படிச் சொல்வது?

அர்ஜெந்தோவின் பறவைப் படத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. கொலைகாரன் தொலைபேசியில் பேசியதைப் பதிவு செய்து வைத்திருப்பார்கள். குரலில் துப்பு இல்லை. குரலுக்குப் பின்னால் மெலிதாக ஒரு விநோதச் சத்தம், கிறீச்சென்று. போட்டுப் போட்டுக் கேட்பார்கள். யந்திரமா, கதவா, ஒன்றும் பிடிபடாது. அது என்ன என்று தெரிந்ததும் வீடு தெரிந்துவிடும். முழுதும் சொல்லமாட்டேன், படத்தின் பெயரிலேயே பாதி விடை இருக்கிறது. காதுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த மர்மப் படம் குறைவு.

அதே படத்துக்கு இசை என்னியோ மோரிக்கோனே. கௌபாய்ப் படங்களில் விசில் சத்தத்தோடு நமக்கெல்லாம் பழக்கமானவர். இங்கே அவர் தாலாட்டு மாதிரி ஒரு மெட்டுப் போட்டு, அதை எட்டா தெல் ஓர்ஸோ என்ற பெண்மணியைப் பாடச் சொன்னார். பாட்டில் சொல்லே கிடையாது. ‘லா லா’தான். கொலைகாரன் பின்தொடரும் இடங்களில் அந்த மெட்டும் போய்விடும், மூச்சும் பெருமூச்சும்தான் மிஞ்சும். ஆசையில் விடும் மூச்சா, பயத்தில் விடும் மூச்சா என்று பிரிக்கமுடியாது. இயக்குநர்கள் சதையைக் காட்டிச் செய்யப் பார்த்து முடியாததை அந்த அம்மாள் மைக் முன்னால் நின்று முடித்துவிட்டுப் போயிருக்கிறார். ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி’ படத்தில் கல்லறைத் தோட்டத்தில் ஒருவன் சுற்றிச்சுற்றி ஓடும்போது வானத்துக்கு ஏறும் குரலும் இவருடையதுதான்.

இன்னொரு பெண், நோரா ஒர்லாந்தி. பாடகி, பாடகர் குழு நடத்தியவர், இசையமைப்பாளர். ஆண்கள் மட்டுமே நிறைந்திருந்த அந்தத் தொழிலில் 1971ல் செர்ஜியோ மார்த்தினோவின் ‘திருமதி வார்தின் விசித்திரப் பழக்கம்’ படத்துக்கு இசையமைத்தார். எட்விஜ் ஃபெனெக் நடித்த படம். அவர் படுகிற பாடு சொல்லிமுடியாது. கணவன், பழைய காதலன், புதுக் காதலன், கூடவே ஒரு சவரக்கத்திக்காரன். இந்தக் கண்ணராவிக்கு ஒர்லாந்தி போட்டதோ தேவாலயத்தில் இழவுக்குப் பாடுகிற மாதிரி ஒரு சேர்ந்திசை. முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து டாரண்டினோ அதை எடுத்துத் தன் ‘கில் பில்’ இரண்டாம் பாகத்தில் வைத்தார். இயர்போன் போட்டு இதைக் கேட்டுக்கொண்டே தெம்பனிஸ் எக்ஸ்பிரஸ்வேயில் பேருந்தில் வந்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் ஏதோ ரகசியம் இருப்பதுபோல் தெரிந்தது.

குறைகளுக்கு வருகிறேன், நேரம் ஓடுகிறது. கதையில் லாரி போகிற ஓட்டை இருக்கும். கடைசியில் ஒரு மருத்துவர் வந்து கொலைகாரனின் சின்ன வயசுக் காயத்தைப் பற்றி ஐந்து நிமிஷம் வகுப்பெடுப்பார், போலீஸ் தலையாட்டும். இதெல்லாம் சில்லறை. பெரிய குறை வேறே. பெண்ணுக்கு இந்தப் படங்களில் உடை மாற்றவும் சாகவும் மட்டும்தான் வேலை. கேமரா கொலைகாரன் கண்ணாக மாறிக்கொள்ளும். சாவை அலங்காரம் பண்ணி, விளக்குப் போட்டு, ரசிக்கக் கொடுப்பார்கள். பேசுகிற குரலும் அந்தப் பெண்ணுடையது இல்லை.

இது இத்தாலியோடு நிற்கவில்லை. ஒரு தொடர் நாடகத்துக்கு நாங்கள் அலறல் பதிவு செய்தோம். இயக்குநர் பெயர் வேண்டாம். ஏழெட்டு முறை எடுத்தாகிவிட்டது. கடைசியில் அவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து, “இன்னும் கொஞ்சம் ஸ்வீட்டா கத்தும்மா” என்றார். குரல் கொடுக்க வந்த தங்கச்சி மைக்கை விட்டு நகர்ந்து நின்று, “அண்ணே, குத்துறது கத்தி. எப்படிண்ணே ஸ்வீட்டா கத்துறது?” என்று கேட்டாள். அறையில் யாரும் பேசவில்லை. முதலில் எடுத்ததையே வைத்துக்கொண்டோம், கரகரப்போடு.

தமிழில் இந்தச் சாயலில் வந்த முதல்தரமான படம் 1978ன் ‘சிகப்பு ரோஜாக்கள்’. இரண்டு கிராமத்துப் படம் எடுத்த பாரதிராஜா நகரத்துப் பங்களாவுக்குள் நுழைந்தார். தோட்டத்து ரோஜாவுக்கு அடியில் பிணம். பாட்டே இரண்டுதான். ஒன்றில் கமலும் எஸ். ஜானகியும், இன்னொன்றில் நம் பக்கத்து நாட்டில் பிறந்த மலேசியா வாசுதேவன் ஜானகியோடு. மற்ற நேரமெல்லாம் இளையராஜாவின் பின்னணி இசைதான் கழுத்தைப் பிடிக்கும். தணிக்கை இருந்த ஊரில் கண்ணுக்குக் காட்டமுடியாததைக் காதுக்குக் காட்டினார்கள். ஆனால் நாயகன் ஏன் கொல்கிறான் என்று சொல்ல வரும் கதை பழியை முழுக்கப் பெண்கள் தலையில் போடுகிறது. அதை ஒரு தமிழ்ப் பெண்ணாக இன்றைக்கு உட்கார்ந்து பார்க்கக் கசக்கிறது. இரண்டு வருஷம் கழித்து பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’, இளையராஜாவின் நூறாவது படம். அதில் கொலைகாரன்மேல் கொஞ்சம் பரிதாபம், ஊட்டிக் குளிர், அடங்கிய இசை. 2011ல் கௌதம் மேனன் ‘நடுநிசி நாய்கள்’ படத்தைப் பின்னணி இசையே இல்லாமல் எடுத்தார். பலருக்குப் படம் பிடிக்கவில்லை. எனக்கு அந்தத் துணிச்சல் பிடித்தது, ஏனென்றால் அங்கே என்னைப்போன்றவர்கள் செய்த ஒவ்வொரு சின்னச் சத்தமும் வெளியே தெரிந்தது.

இத்தாலியில் இந்த வண்டி ஓடி ஓய்ந்த கதை சுருக்கமானது. 1976க்குப் பிறகு தனியார் தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்தது, மூன்றாம் சுற்று அரங்குகள் காலியாயின. எண்பதுகளில் ஜோ தமாத்தோ போன்றவர்கள் கேமராவையும் தாங்களே பிடித்து, இன்னும் மலிவாகக் கவர்ச்சிப் படங்கள் எடுத்தார்கள். வயலின்காரர்களும் சேர்ந்திசைக்காரர்களும் போய், ஒரே ஆள் ஒரே கீபோர்டில் வாசித்து முடித்தார். என்னைப் பொறுத்தவரை அந்தப் படங்கள் செத்தது அங்கேதான். சதை அப்படியேதான் இருந்தது.

தயாரிப்பாளர் கண்ணாடி வழியே கையைக் காட்டுகிறார், முடிக்கவேண்டும். படங்களைப் போய்ப் பாருங்கள் என்று நான் சிபாரிசு செய்யவில்லை. எட்டா தெல் ஓர்ஸோவின் குரலைத் தேடி ஒருமுறை கேளுங்கள், இரவு பத்து மணிக்கு மேல், விளக்கை அணைக்காமல். இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் நம் ஊர் இளம் இயக்குநர் யாராவது அடுத்த மர்மப் படத்துக்கு வரவுசெலவுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால், ஒலிக்கென்று ஒரு வரி எழுதிவிட்டு மற்றதை எழுதுங்கள் தம்பி. தங்கச்சியாக இருந்தால் இன்னும் சந்தோஷம், முட்டைக்கோஸ் செலவு என்னுடையது.