போலந்து பிளம்பரைக் கண்டு யார் பயந்தார்கள்?

(ஆய்வு மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஐரோப்பிய ஒன்றியத்தின் சேவை வர்த்தகத்தைப் பற்றிப் படிக்கிறேன் என்று சொன்னால், "அதற்கும் நமக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 'தடை' என்ற ஒரு சொல்தான் சம்பந்தம். சாதி ஒழிப்பு பேசுகிற நமக்குத் தடை என்று கேட்டதுமே உடைக்கத் தோன்றும். அதையே ஒரு முதலாளி சொன்னால், "எந்தத் தொழிலாளியின் பாதுகாப்பைத் தடை என்கிறாய்?" என்று சந்தேகம் வரும். இரண்டுமே நியாயமான உணர்வுகள். இரண்டும் மோதினால் எந்தப் பக்கம் நிற்பது? ஐரோப்பா இந்தக் கேள்வியில்தான் இருபது வருடங்களாகச் சிக்கிக்கொண்டிருக்கிறது.

1957 ரோம் ஒப்பந்தம் சரக்கு, மனிதர், சேவை, மூலதனம் ஆகிய நான்கும் உறுப்பு நாடுகளுக்கிடையே தடையின்றிப் போய்வர வேண்டும் என்றது. சரக்கு சுலபமாகப் போனது. தக்காளிப் பெட்டி எல்லை தாண்டினால் தக்காளி மட்டும்தான் போகிறது. குழாய் ரிப்பேர் எல்லை தாண்ட வேண்டுமென்றால் ஒரு மனிதர் போக வேண்டும். அவருடைய சான்றிதழ் செல்லுமா, சம்பளம் எந்த நாட்டுக் கணக்கு, அடிபட்டால் யார் பொறுப்பு என்ற கேள்விகளும் கூடவே போகின்றன. அதனால்தான் ஒன்றியத்தின் பொருளாதாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு சேவைத் துறையாக இருந்தும், எல்லை தாண்டும் வர்த்தகத்தில் சரக்குதான் முன்னால் நிற்கிறது.

முதலில் உடைக்க வேண்டிய தடைக்கு ஓர் உதாரணம். ஜெர்மனியில் பல கைத்தொழில்களைச் சொந்தமாக நடத்த 'மைஸ்டர்' பட்டமும், கைத்தொழில் பதிவேட்டில் பெயரும் வேண்டும். அங்கே ஒரு கட்டடக் கலைஞர், தரை பூசும் வேலையை நெதர்லாந்து நிறுவனத்துக்குக் கொடுத்தார். அந்த நிறுவனம் தன் நாட்டில் சட்டப்படி அதே வேலையைச் செய்துவந்ததுதான். ஆனால் ஜெர்மன் பதிவேட்டில் பெயர் இல்லை என்று, வேலை கொடுத்தவருக்கு அபராதம் போட்டார்கள். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. தகுதி ஏற்கெனவே சரிபார்க்கப்பட்ட நிலையில், எப்போதாவது வந்து வேலை செய்பவரைப் பதிவு என்ற பெயரில் இழுத்தடிக்கவோ கூடுதல் செலவில் தள்ளவோ கூடாது என்று 2000 அக்டோபரில் தீர்ப்பு வந்தது.

மைஸ்டர் முறை சாதி அல்ல. படித்துத் தேர்வெழுதி ஒருவர் மைஸ்டர் ஆகலாம். எந்தத் தேர்வெழுதியும் சாதி மாற முடியாது. தரத்தைக் காக்கிறது, இளைஞர்களுக்குத் தொழில் பழக்குகிறது என்று அந்த முறைக்கு ஆதரவான வாதங்களும் உண்டு. 2004இல் 53 தொழில்களுக்கு மைஸ்டர் கட்டாயமில்லை என்று தளர்த்திய ஜெர்மனி, 2020இல் டைல்ஸ் பதிப்பது உட்பட 12 தொழில்களுக்கு மீண்டும் கட்டாயமாக்கியது. ஆனாலும் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களே வாசலில் உட்கார்ந்து, அடுத்து யாரை விடலாம் என்று தீர்மானித்தால் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது மறுபக்கம். 2004 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையத்தின் உறுப்பினர் ஃபிரிட்ஸ் போல்கெஸ்டைன் ஒரு சட்ட வரைவைக் கொண்டுவந்தார். சேவை தரும் நிறுவனம் எந்த நாட்டிலிருந்து புறப்படுகிறதோ அந்த நாட்டின் சட்டமே அதற்குப் போதும் என்பது அதன் மையம். அதே மே மாதம் பத்து நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தன. அவற்றில் எட்டு, கூலி குறைவான கிழக்கு, மத்திய ஐரோப்பிய நாடுகள். வேலைக்கு அனுப்பப்படும் தொழிலாளரின் ஊதியத்துக்கு விதிவிலக்கு உண்டு என்று ஆணையம் சொன்னது. தொழிற்சங்கங்கள் நம்பவில்லை. வேலை நடக்கும் நாட்டின் கண்காணிப்புக்குக் கடிவாளம் போட்டுவிட்டு விதிவிலக்கை மட்டும் தாளில் வைத்து என்ன பயன்?

கேள்வி சரியானது. அதை வலதுசாரிகள் திருப்பிய திசைதான் கேவலம். 2005இல் பிரான்சில் பிலிப் தெ வில்லியே போன்றவர்கள் 'போலந்து பிளம்பர்' என்ற பூச்சாண்டியைக் காட்டினார்கள். குறைந்த கூலிக்கு ஆள் அனுப்பி லாபம் பார்க்கிற நிறுவனம் யார் கண்ணிலும் படவில்லை. கையில் ஸ்பேனரோடு வரும் தொழிலாளிதான் எதிரியானார். அந்த மே மாதப் பொதுவாக்கெடுப்பில் ஐரோப்பிய அரசியலமைப்பு ஒப்பந்தத்தைப் பிரான்ஸ் நிராகரித்ததில் இந்தப் பயத்துக்கும் பங்குண்டு.

ஸ்வீடனில் இது இன்னும் சிக்கலானது. வாக்ஸ்ஹோல்ம் நகரில் பள்ளிக்கூட வேலைக்கு லவால் என்ற லாத்வியா நிறுவனம் தன் தொழிலாளர்களை அழைத்துவந்தது. ஸ்வீடனில் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் கிடையாது. கூட்டு ஒப்பந்தம்தான் கூலியை நிர்ணயிக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொன்ன சங்கம், 2004 நவம்பரில் வேலையிடத்தை முற்றுகையிட்டது. 2007 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சேவை தரும் சுதந்திரத்துக்கு அந்த முற்றுகை தடை என்றது.

தீர்ப்பு அநீதி என்றே நான் நினைக்கிறேன். லாத்வியத் தொழிலாளிக்கும் ஸ்வீடன் கூலி கொடு என்பது தடையா? ஆனால் முற்றுகையில் "ஊருக்குப் போ" என்ற கோஷமும் எழுந்ததாகச் செய்திகள் வந்தன. அதையும் நாம் மறைக்கக் கூடாது. சமக் கூலி கேட்கிற வாயே ஊருக்குப் போ என்றால், வந்தவர் எப்படி நம்மை நம்புவார்?

எதிர்ப்புக்குப் பின் 2006 டிசம்பரில் நிறைவேறிய சேவைச் சட்டத்தில் 'புறப்படும் நாட்டின் சட்டம்' என்ற கொள்கை இல்லை. மருத்துவமும் போக்குவரத்தும் விலக்கப்பட்டன. தொழிலாளர் சட்டத்தில் கைவைக்கவில்லை. அதே சட்டத்தில் நமக்குப் பிடிக்கிற ஒரு விதியும் உண்டு. ஒருவருக்கு அனுமதி கொடுப்பதா என்ற முடிவில் அவருடைய போட்டியாளர்களுக்கு இடம் இருக்கக் கூடாது. தொழில்முறைக் கழகங்களுக்கு மட்டும் விலக்கு. எதை உடைக்க வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று அரைகுறையாகவாவது பிரித்துப் பார்த்த சட்டம் அது.

2018இல் திருத்தப்பட்ட விதிகள், அனுப்பப்படும் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி மட்டும் போதாது, அந்த இடத்தில் அந்த வேலைக்குச் சட்டமும் பொது ஒப்பந்தங்களும் தரும் முழு ஊதியமும் வேண்டும் என்றன. இதை எதிர்த்து நீதிமன்றம் போனவை ஹங்கேரி, போலந்து அரசுகள். 2020 டிசம்பரில் தோற்றன. தன் தொழிலாளிக்குக் கூடுதல் கூலி வேண்டாம் என்று ஓர் அரசே வழக்காடியதை யோசித்துப் பாருங்கள். மலிவான ஆளாக இருப்பதுதான் உன் தகுதி என்று அவரிடம் சொல்வதல்லவா அது?

அதனால் தோழர்களே, யாராவது 'தடைகளைக் குறைக்கிறோம்' என்று வந்தால், முதலில் பட்டியலைக் கேளுங்கள். ஒவ்வொரு விதியிடமும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இந்த வாசலில் உட்கார்ந்திருப்பது யார்? இதை எடுத்துவிட்டால் யாருடைய கூலி குறையும்? உள்ளே இருப்பவரின் ஏகபோகம் மட்டுமே போகும் என்றால் உடைப்போம். வருகிறவரின் கூலியும் இருக்கிறவரின் கூலியும் சேர்ந்து போகும் என்றால் அந்த விதியைக் காப்போம். வருகிற மனிதரை மட்டும் ஒருபோதும் எதிரியாக்க மாட்டோம்.