தொட்டிலும் குறிப்பேடும்



அமெரிக்கர் போற்றும் பேஸ்பால் ஆட்டத்தின் நிகழ்வுகளைக் குறியீடுகளால் ஏட்டில் பதிவது தனிக் கலையாகும். இங்கிலாந்தில் பிறந்த ஹென்றி சாட்விக் (1824–1908) இதனைச் செப்பம் செய்தார். களத்தில் காத்து நிற்போர்க்கு 1 முதல் 9 வரை எண்கள் உண்டு. ‘6-3’ என்றால், ஆறாம் எண்ணினர் பந்தைப் பற்றி மூன்றாம் எண்ணினர்க்கு எறிந்து, அடித்தவரை ஆட்டமிழக்கச் செய்தார் என்பது பொருள்.

இக்கலை கண்ணிமையாக் கவனத்தை வேண்டுவது. பச்சிளங்குழவியும் அதனையே வேண்டும். பதிவாளர் குழுவொன்றை நடத்துபவர் புதிதாகத் தாயோ தந்தையோ ஆகுங்கால் யாது செய்வது?

விடை அக்கலையிலேயே உள்ளது. ஆட்டக்காரராயிருந்து வருணனையாளரான பில் ரிசூட்டோ, தாம் காணாத நிகழ்வுக்குப் ‘பார்க்கவில்லை’ எனப் பொருள்படும் குறியைத் தம் ஏட்டில் இட்டார். பொய்யால் நிரப்பாத அவ்விடத்தைக் கண்டவர் நிரப்பலாம். குறியீடு பொதுவாதலின், எழுதுகோல் கைமாறினும் பதிவு அறுபடாது. 1989இல் டேவிட் ஸ்மித் தொடங்கிய ரெட்ரோஷீட் அமைப்பும் பழைய ஆட்டப் பதிவுகளைத் தன்னார்வலர் பலரின் உழைப்பால்தான் திரட்டியது.

வரலாற்றாசிரியர் டோரிஸ் கெர்ன்ஸ் குட்வின், சிறுமியாயிருந்தபோதே தந்தையிடம் இக்கலை பயின்றார். வானொலியில் கேட்ட ஆட்டத்தைப் பதிந்து வைத்து, பணி முடிந்து திரும்பும் தந்தைக்கு மாலையில் எடுத்துரைத்தார். தந்தை கேளாத ஆட்டத்தை மகளின் ஏடு மீட்டளித்தது!

பணியைத் தமக்கே உரியதெனப் பற்றி நிற்போர் பணியையும் மழலையையும் ஒருங்கே இழப்பர். பகிர்ந்தளிப்போர் இரண்டையும் காப்பர்.