வாழைப்பூவும் ஒரு பிளானும்



இன்ஜினியர் என்றால் பாலத்தைப் பற்றிப் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் வாழைப்பூவைப் பற்றிப் பேசப் போகிறேன்.

அப்பா காலமான பிறகு, கார் நிறுத்துவதற்காகக் கொல்லைப்புறம் முழுவதும் சிமெண்ட் போடப் பிளான் வரைந்தேன். அம்மா பார்த்துவிட்டு, "பாத்திரம் கழுவற தண்ணி எங்கேடா போகும்?" என்றாள். பிளானில் அதற்கு வழியே இல்லை! அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவை அப்பா வைத்த வாழைகள்.

அந்த வாரம் ஒரு வாழை தார் தள்ளி, சீப்பு விட்டு முடிந்திருந்தது. அம்மா பூவை ஒடித்து வந்து, கள்ளனை நீக்கி, நறுக்கி, மோர் கலந்த தண்ணீரில் போட்டாள். காற்றுப் பட்டால் நொதி பூவைக் கறுக்க வைக்கும். புளிப்பு அதை மட்டுப்படுத்தும். இந்தக் கெமிஸ்ட்ரி எனக்குத் தெரியும். கள்ளனை எடுக்கத்தான் தெரியவில்லை. ஒரு பூ ஆய்வதற்குள் ஒரு மணி நேரம் ஆச்சு. விரலில் கறை வேறு. அன்று சுட்ட வடையைச் சாப்பிட்டபோது, அப்பா இல்லாத வீடாகவே தோன்றவில்லை.

தார் வெட்டிய மரம் மறுபடி காய்க்காது. தண்டு பொரியலுக்கு, இலை சாப்பாட்டுக்கு, பக்கக்கன்று அடுத்த தாருக்கு. எதுவும் வீணில்லை.

பிளானைக் கிழித்துப் போட்டேன். கார் தெருவில்தான் நிற்கிறது.

தம்பி தங்கைகளே, எதையும் இடிப்பதற்கு முன், அது என்ன வேலை செய்கிறது என்று வீட்டில் கேட்டுவிடுங்கள்.