பாஸும் விசாவும்



விசா என்ற சொல்லை அறியும் முன்னரே எங்கள் வகுப்புக்குப் பாஸ் என்ற சொல் தெரியும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இருந்து வவுனியாவுக்கு வந்தவர்கள் எங்களில் பலர். சிலர் பூந்தோட்டம் முகாமில் இருந்தோம். சிலர் தாய்தகப்பனை அங்கேயே விட்டுவிட்டு உறவினரோடு வந்தோம். பாஸ் முடிய முன் புதுப்பிக்க வரிசையில் நின்றுவிட்டு வகுப்புக்கு ஓடிவருவோம். பிந்தினாலும் இந்தப் பாடசாலை எங்களை வெளியே நிறுத்தவில்லை. ஆகவே 2010 இல் மூன்று பேர் லண்டனுக்குப் படிக்கப் போனபோது, புது இடமொன்றும் எங்களுக்குப் புதிதில்லை என்றுதான் நினைத்தோம்.

ஈஸ்ட்ஹாமில் ஊர்க்காரர் ஒருவரின் வீட்டில் ஓர் அறை. முற்பணத்தைக் காசாக வாங்கினார், துண்டு தரவில்லை. விலாச அத்தாட்சி இல்லாமல் வங்கிக் கணக்கும் இல்லை. பல்கலைக்கழகக் கடிதத்தோடு ஒருவாறு திறந்தோம். முற்பணம் திரும்பி வரவேயில்லை. வீட்டுக்காரர் உடன் வசிக்காத வாடகை வீடுகளின் முற்பணத்தைப் பாதுகாப்புத் திட்டமொன்றில் வைக்கவேண்டும் என்று இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல் சட்டம் இருக்கிறது. ஊர்க்காரரிடம் துண்டு கேட்பது மரியாதையில்லை என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தார்களோ!

அது காசோடு போனது. மற்றது அப்படியில்லை.

எங்களில் இருவர் டொக்டர்மார். மற்றவர் கணக்கியல் படித்தார். தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். அதைக் கடையொன்றில் இரவு வேலையாகச் செய்தார். மார்கழியில் இருமல் தொடங்கியது. குளிர் என்றோம். தையில் மெலிந்தார். ஒழுங்கான சாப்பாடில்லை என்றோம். இரவில் வியர்த்தது. ஹீற்றர் கூடிவிட்டது என்றோம். மாசியில் சளியில் இரத்தத்தைக் கண்ட பிறகே வைத்தியரிடம் கூட்டிப்போனோம். காசநோய். வவுனியா வைத்தியசாலையில் ஒரு நோயாளி வந்து இந்த நான்கையும் சொல்லியிருந்தால் அன்றே சளியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்போம். ஒரே அறையில் படுத்த இரண்டு டொக்டர்மார் பார்க்கத் தவறினோம்.

அவரும் மறைத்தார். செலவாகும் என்ற பயம், அதைவிட விசாவை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். இங்கிலாந்தில் காசநோய்ச் சிகிச்சை எல்லோருக்கும் இலவசம், விசா இல்லாதவருக்கும்கூட. ஆறு மாதம் குளிசை எடுத்தார். எங்களையும் பரிசோதித்தார்கள். பல்கலைக்கழகம் பரீட்சையைப் பின்போட்டது. விசாவை யாரும் தொடவில்லை.

வீட்டுக்கு மட்டும் சொல்லவில்லை. மனிக்பாமிலிருந்து திரும்பிய தாய் முல்லைத்தீவில் தறப்பாள் கொட்டிலில் இருந்தார். கொடியை ஈடுவைத்துத்தான் மகளை அனுப்பியிருந்தார். கடைசிக் குளிசை முடிந்த அன்று எங்கள் இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அழைத்தார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "ஷெல்லுக்குள்ளேயே உன்னைக் காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு ஓடினனான். இருமலைச் சொன்னால் தாங்கமாட்டன் எண்டு நினைச்சியோ?" என்று கேட்டார்.

தங்கைமாரே, இப்போது மாணவர் விசாவுக்கே வருடம் 776 பவுண் சுகாதாரக் கட்டணம் கட்டுகிறீர்கள். போய் இறங்கிய முதல் கிழமையே குடும்ப வைத்தியரிடம் பதியுங்கள். மூன்று கிழமைக்கு மேல் இருமினால் போய்க் காட்டுங்கள். அங்கே இருக்கும் பழைய மாணவிகள் எங்களுக்கும் அழையுங்கள். "பதிந்துவிட்டாயா?" என்றுதான் முதலில் கேட்போம். கோபிக்கவேண்டாம்.