லுக்லாவில் இறங்கும் முன்: மெஷ் சீனரி ஏன், எப்படி?

ஃப்ளைட் சிமுலேட்டர் வாங்கினதும் நாம முதல்ல டவுன்லோட் பண்றது புது விமானம். அடுத்து விமான நிலையம், அப்புறம் சாட்டிலைட் படம். கடைசியா வர்றது, பல பேர் கண்டுக்காமலே விடுறது, மெஷ். இன்னிக்கு அதைப் பத்திதான் பேசப் போறேன். நான் எக்ஸ்-பிளேன்ல பறக்கிறவன், அதனால இன்ஸ்டால் பண்ற முறையையும் அதை வைத்தே சொல்றேன்.

மெஷ் என்பது தரையின் மேடு பள்ளம். நிறம், மரம், வீடு எதுவும் இல்லாத வெறும் உயரக் கணக்கு. அந்த உயரப் புள்ளிகளை வைத்து முக்கோணம் முக்கோணமாக ஒரு வலை பின்னி, அதன் மேல்தான் சிமுலேட்டர் படத்தைப் போர்த்துகிறது. போர்வை எவ்வளவு அழகா இருந்தாலும், கீழே கட்டில் கோணலா இருந்தா கோணல்தானே?

இது எங்கே உறைக்கும்னா, நேபாளத்தில் இருக்கிற லுக்லாவில். எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் வந்து இறங்கும் இடம். டென்சிங்-ஹிலாரி விமான நிலையம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,845 மீட்டர் உயரம். ஓடுபாதை வெறும் 527 மீட்டர், அதுவும் 11.7 சதவீதச் சரிவு. கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் சுமார் 60 மீட்டர் உயர வித்தியாசம். ஏறக்குறைய 20 மாடிக் கட்டடம்! மேட்டை நோக்கி இறங்கணும், பள்ளத்தை நோக்கிக் கிளம்பணும். ஓடுபாதை முடியற இடத்துல மலை நிக்குது. கடைசி நேரத்துல மனசு மாறி மறுபடி மேலே ஏறித் திரும்பலாம் என்பதெல்லாம் அங்கே கிடையாது.

இந்த இடத்தை ஒரு சுமாரான மெஷ் எப்படிக் காட்டும்? அதுக்கு இந்த உயரக் கணக்கு எங்கிருந்து வந்ததுன்னு தெரியணும். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் பூமியைச் சுற்றியது. அதிலிருந்து 60 மீட்டர் நீளக் கம்பம் ஒன்றை வெளியே நீட்டி, அதன் முனையில் ஒரு ஆன்டெனா, ஓடத்துக்குள் ஒரு ஆன்டெனா என்று வைத்து ரேடாரால் தரையை அளந்தார்கள். பூமியின் நிலப்பரப்பில் சுமார் 80 சதவீதம் அதில் அடங்கியது. எஸ்ஆர்டிஎம் என்று சொல்கிறோமே, அதுதான் இது. அமெரிக்காவுக்கு வெளியே, ஏறக்குறைய 90 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற அளவில்தான் முதலில் பொதுமக்களுக்குக் கிடைத்தது. 30 மீட்டர் அளவைத் திறந்துவிடுவதாக 2014-ல்தான் அறிவித்தார்கள்.

90 மீட்டருக்கு ஒரு புள்ளின்னா, லுக்லா ஓடுபாதையின் முழு நீளத்துக்கும் ஆறு புள்ளிதான் விழும். 30 மீட்டர்னா பதினேழு, பதினெட்டு. ஆனா எனக்கு ஓடுபாதையை விடப் பெரிய கவலை மலை முகடு. கத்தி மாதிரி ஒரு முகடு இருக்கு, நம்ம இரண்டு புள்ளியும் அதுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிவில் விழுந்துடுச்சுன்னு வைங்க. சிமுலேட்டர் அந்த இரண்டையும் நேர்க்கோட்டில் இணைத்துவிடும். முகடு காணாமப் போயிடும்! அதே மாதிரி ஒடுங்கிய பள்ளத்தாக்கு தூர்ந்துபோகும். சுமாரான மெஷ்ஷில் சிகரம் குட்டையாகும், பள்ளம் மேடாகும். அதாவது மெஷ் சொல்ற பொய் பெரும்பாலும் நமக்குச் சாதகமாவே இருக்கும். காத்மாண்டுவிலிருந்து லுக்லா போற வழியில் லம்ஜுரா மலைத்தொடரைத் தாண்டணும். அங்கே கணவாயே 3,500 மீட்டருக்கு மேல. குட்டையான முகட்டின் மேல் நூறு தடவை சுலபமாத் தாண்டிப் பழகிட்டா, "இந்த உயரம் போதும்"னு கண்ணு பழகிடும். நாளைக்கு நிஜமா பைலட் பயிற்சிக்குப் போறவங்க நம்ம கூட்டத்துலயே இருக்காங்க. அவங்க கையில இந்தப் பழக்கம் இருக்கக் கூடாது.

இன்னொரு சிக்கல். ரேடார் சாய்வாகப் பார்ப்பதால் செங்குத்தான மலைகளின் மறைவுப் பக்கம் அதுக்குத் தெரியாது. இமயமலைத் தரவில் அப்படி நிறைய ஓட்டைகள் இருந்தன. ஜோனதன் டி ஃபெராண்டி என்பவர் வரைபடங்களையும் வேறு தரவுகளையும் வைத்து அந்த ஓட்டைகளை அடைத்து, வியூஃபைண்டர் பனோரமாஸ் என்ற பெயரில் இலவசமாகக் கொடுத்தார். ஆர்த்தோ4எக்ஸ்பி என்ற இலவச மென்பொருளில் நீங்க ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், அது இந்த உயரக் கணக்கை எடுத்து உங்களுக்கு மெஷ் பின்னிக் கொடுக்கும். லுக்லா இருக்கிற கட்டம் +27+086. வடக்கே 27 டிகிரி, கிழக்கே 86 டிகிரி, அவ்வளவுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். அதில் கர்வேச்சர் டாலரன்ஸ் என்று ஓர் எண் இருக்கும். அதைக் குறைத்தால் முக்கோணங்கள் கூடும். தரவு எவ்வளவு நுணுக்கமா இருந்தாலும் முக்கோணம் குறைவா இருந்தா பலன் இல்லை, அதனால மலைப் பகுதிக்கு இதைக் கவனிங்க. கூடவே கம்ப்யூட்டருக்குச் சுமையும் ஏறும், அதையும் பார்த்துக்குங்க.

சரி, இன்ஸ்டால். மெஷ் ஃபோல்டரைக் கஸ்டம் சீனரி ஃபோல்டருக்குள் போடணும். ஜிப் ஃபைலைப் பிரிக்கும்போது ஃபோல்டருக்குள்ளே அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் வரும். அப்படியே விட்டா சிமுலேட்டருக்குக் கண்ணு தெரியாது. உங்க ஃபோல்டரைத் திறந்த உடனே 'எர்த் நாவ் டேட்டா' தெரிஞ்சா சரி.

பிறகு எக்ஸ்-பிளேனை ஒரு தடவை திறந்து மூடுங்க. கஸ்டம் சீனரியில் இருக்கிற சீனரி பேக்ஸ் ஐஎன்ஐ ஃபைலுக்கு ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டு, நோட்பேடில் திறங்க. புதுசா வந்த மெஷ் முதல் வரியில் உட்கார்ந்திருக்கும். பிரச்சினையே அங்கதான். இந்தப் பட்டியலில் மேலே இருப்பவருக்குத்தான் முன்னுரிமை. ஒரு கட்டத்துக்கு மெஷ் கிடைத்துவிட்டால், அந்தக் கட்டத்தில் அதற்குக் கீழே இருக்கிற எதையும் சிமுலேட்டர் பார்க்காது. சாலை காணோம், கட்டடம் காணோம்னு புலம்புறவங்க பல பேருக்குக் காரணம் இந்த ஒரு வரிதான். அதை வெட்டி கடைசியில் ஒட்டுங்க. விமான நிலையங்கள் மேலே, அடுத்து ஓவர்லே, கடைசியில் மெஷ். மெஷ் ஃபோல்டர் பெயரை ஆங்கில இசட் எழுத்தில் ஆரம்பிப்பது இதுக்காகத்தான். பட்டியலை அழித்துத் திரும்ப உருவாக்கினாலும் அகர வரிசையில் அது தானாகக் கீழே போயிடும். ஆர்த்தோ4எக்ஸ்பியில் செய்த கட்டத்துக்குச் சாலையும் காடும் தனி ஓவர்லேயாக வேணும், அதையும் சேர்த்து எடுத்துக்குங்க. சிமுலேட்டரோடு வந்த பழைய மெஷ்ஷை அழிக்க வேண்டாம். அது குளோபல் சீனரியில் சும்மா கிடக்கட்டும்.

தனியாக வாங்கிய லுக்லா விமான நிலையம் வைத்திருந்தால் அதன் ரீட்மீயைப் படிங்க. அதை எந்த மெஷ்ஷை நம்பிச் செஞ்சாங்களோ, அதுக்குத்தான் பொருந்தும். இல்லைன்னா கட்டடம் அந்தரத்தில் மிதக்கும், இல்லை மண்ணுக்குள் புதையும். கூடவே மெஷ் பேட்ச் கொடுத்திருந்தால், அதை உங்க பெரிய மெஷ்ஷுக்கு மேலே வையுங்க.

செட்டிங்ஸில் 'ஓடுபாதை நிலத்தின் வளைவைப் பின்பற்றட்டும்' என்ற பொருளில் ஒரு பெட்டி இருக்கும். அதை டிக் பண்ணுங்க. இல்லைன்னா லுக்லா தட்டையாகி, அந்தச் சரிவு மொத்தமும் போயிடும்.

எல்லாம் சரியா வந்திருக்கான்னு பார்க்க ஒரு சின்ன சோதனை. ஓடுபாதையின் கீழ் முனையில் விமானத்தை நிறுத்தி ஆல்டிமீட்டரைப் பாருங்க. மெதுவா மேல் முனை வரைக்கும் ஓட்டிட்டு மறுபடி பாருங்க. வித்தியாசம் சுமார் 200 அடி இருக்கணும். இருந்தா உங்க மலை கிட்டத்தட்ட நிஜ மலை. 50, 60 அடிதான் காட்டுதுன்னா, பட்டியலை மறுபடி திறந்து எந்த மெஷ் மேலே இருக்குன்னு பாருங்க. சாட்டிலைட் படமெல்லாம் அதுக்கப்புறம் போட்டுக்கலாம்.

உங்க அளவு எவ்வளவு வந்துச்சுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.