உளியும் சாணைக்கல்லும்

(பொன்விழா ஆண்டில், தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாளன்று, வெள்ளானூர் பங்கு மன்றத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா நன்கொடையிலிருந்து ஐந்து தம்பிமார்களுக்கு ஆளுக்கொரு தச்சுக் கருவிப் பெட்டி வழங்குவதென்று விழாக் குழு தீர்மானித்தபோது, நம்மில் சிலர் வெளிப்படையாகவே கேட்டார்கள். "சாமி, இந்தக் காலத்தில் உளியும் இழைப்புளியும் எதற்கு? அதே பணத்துக்கு மின்சார இழைப்பு மிஷினும் துளை போடும் மிஷினும் வாங்கிக் கொடுத்தால் பிள்ளைகள் நாளைக்கே சம்பாதிப்பார்களே!" கேள்வி நியாயமானது. கேட்டவர்களும் இங்கே முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே சூசையப்பரின் புண்ணியங்களைப் பற்றிய வழக்கமான பிரசங்கத்தை இந்த ஆண்டு ஒதுக்கிவைத்துவிட்டு, அவர் கையாண்ட கருவிகளைப் பற்றிப் பேசலாமென்று இருக்கிறேன்.

மே முதல் நாளைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக 1955-ல் ஏற்படுத்தியவர் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர். மாற்கு நற்செய்தி 6-ஆம் அதிகாரத்தில் இயேசுவைக் குறித்து ஊரார் சொல்லும் கிரேக்கச் சொல் 'தெக்தோன்'. தச்சர் என்று நாம் மொழிபெயர்க்கிறோம். கட்டட வேலைக்காரரும் அந்தச் சொல்லில் அடங்குவார். இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித ஜஸ்டின், இயேசு ஏர்களையும் நுகங்களையும் செய்தார் என்று எழுதிவைத்திருக்கிறார். அலங்கார நாற்காலியல்ல, ஏரும் நுகமும்! நம்மூர்த் தச்சர்களும் கருவேலத்திலும் வேம்பிலும் அவற்றைத்தானே செதுக்கிக் கொடுத்தார்கள்?

இப்போது கேள்விக்கு வருகிறேன். மிஷின் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. பத்துக் கதவுக்குப் பலகை இழைக்க வேண்டுமானால் மிஷின்தான் சரி. அதைக் கையால் செய்யச் சொல்வது வீண் பிடிவாதம். ஆனால் ஐப்பசி மழையில் கதவு ஊதிப்போய் நிலையில் சிக்குகிறது. எவ்வளவு எடுக்க வேண்டும்? ஒரு நூலில் பாதிகூட இருக்காது. கீல் பதிக்கப் பள்ளம் தோண்ட வேண்டும்; பூட்டு உட்கார வேண்டும்; கழுந்து துளைக்குள் இறுக்கமாக, அதே சமயம் மரம் பிளக்காமல் போக வேண்டும். அந்தக் கடைசி நூலைக் கையிலுள்ள உளிதான் தீர்மானிக்கிறது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் எழும்பும் அடுக்குமாடிகளில் பிளைவுட்டை அறுத்துப் பசை தடவி ஆணியடிக்கும் வேலைக்கு நம் பிள்ளைகள் போகிறார்கள். மிஷினைப் பிடித்துக்கொள்ளத் தெரிந்தவர் பத்து ஆண்டு கழித்தும் ஹெல்பராகவே இருக்கிறார். கழுந்து வெட்டத் தெரிந்தவரை மேஸ்திரி என்கிறார்கள். இரண்டு கூலிக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை நான் மறைத்துப் பேச விரும்பவில்லை. தச்சுத்தொழில் நெடுங்காலம் குலத்தோடு ஒட்டியிருந்தது. தகப்பனார் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார். மற்றவர் பிள்ளைக்கு உளி தொடும் வாய்ப்பே வரவில்லை. இன்று பெட்டி பெறும் ஐவரில் நால்வருடைய வீட்டில் தச்சுவேலை தெரிந்தவர் ஒருவருமில்லை. மிஷின் வாங்கினால் அட்டைப்பெட்டிக்குள் விளக்கப் புத்தகம் வருகிறது. உளியோடு அப்படி ஒன்றும் வருவதில்லை. தீட்டும் வித்தை திண்ணையில் கையோடு கை பிடித்துக் கற்றுக்கொடுக்கப்பட்ட வித்தை. அந்தத் திண்ணை இல்லாத பிள்ளைகளுக்குப் பங்குதான் திண்ணையாக வேண்டும். எனக்கு அது கிடைத்தது குருமடத்தில். பெஞ்சும் மேசையும் பழுதுபார்க்க வந்த முதிய தச்சர் ஒருவர், இலத்தீன் பாடத்தில் தூங்கிவழிந்த எனக்கு இதையாவது சொல்லிக்கொடுக்கலாமென்று எண்ணினார் போலும்.

முதலில் எதை வாங்குவது? கடையில் பன்னிரண்டு உளி கொண்ட பெட்டி பளபளவென்று இருக்கும். வாங்காதீர்கள். இரண்டு நூல், நான்கு நூல், எட்டு நூல் அகலத்தில் மூன்று நல்ல உளி போதும். ஒரு இழைப்புளி, ஒரு கை ரம்பம், மூலைமட்டம், கொட்டாப்புளி, ஒரு முக்கோண அரம், இருபுறக் கல் ஒன்று. இன்றைய பெட்டியில் இருப்பவை இவைதாம். மற்றவற்றை வேலை கேட்கும்போது வாங்கிக்கொள்ளலாம்.

பழைய கருவியை இளக்காரமாக நினைக்க வேண்டாம். சென்னையில் மூர் மார்க்கெட் இருந்த காலத்தில் பழைய சாமான்களுக்குள் துழாவினால் ஷெஃபீல்டு முத்திரை குத்திய உளிகூட அகப்பட்டதுண்டு. 1985-ஆம் ஆண்டு மே மாதத் தீயில் அது அழிந்தது. இப்போது வெள்ளிக்கிழமைதோறும் கூடும் பல்லாவரம் சந்தையில் தேடிப் பார்க்கலாம். பழைய உளியில் மேல்துரு பாதகமில்லை. முனைக்கு அருகே முதுகுப்புறத்தில் ஆழமாகக் குழி விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள். முனை நீலம் பாய்ந்திருந்தால், யாரோ சாணைச் சக்கரத்தில் சூடேற்றிக் கெடுத்திருக்கிறார் என்று அர்த்தம். ஒரு சின்ன அரத்தை விளிம்பின் மூலையில் வைத்து இலேசாக இழுத்துப் பாருங்கள். மெழுகைச் சுரண்டுவதுபோல் எளிதாகத் தின்றால் இரும்பு மெத்தனம். அரம் வழுக்கிக்கொண்டோ, அரும்பாடுபட்டுக் கடித்தோ போனால் நல்ல தோய்ச்சல்.

லாரிப் பட்டையிலிருந்து கொல்லர் அடித்துக் கொடுக்கும் வாய்ச்சி நன்றாகவே உழைக்கும். வெட்டும் அதிர்ச்சியைத் தாங்குகிற எஃகு அது. நுண்ணிய வேலை செய்யும் உளிக்கு இன்னும் அதிகக் கரிச்சத்துள்ள எஃகு நல்லது. கொல்லர் செக்கச்செவேலென்று காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தவுடன் எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும் நிலையில் இருக்கும். அதை மறுபடி மெதுவாகச் சூடேற்றி, வைக்கோல் மஞ்சள் நிறம் ஓடும்போது நிறுத்துவார். ஏறத்தாழ 230 டிகிரி. 300 டிகிரியை எட்டினால் நீலம்; உளிக்கு அது மெத்தனம். வெப்பமானி இல்லாமல் நிறத்தைக் கண்ணால் பார்த்தே இதைச் செய்த கொல்லர்களின் படிப்பை எந்தப் பட்டத்தோடு ஒப்பிடுவது?

மூலைமட்டத்தைக் கடையிலேயே சோதித்து வாங்க வேண்டும். நேர் விளிம்புள்ள பலகையில் வைத்து ஒரு கோடு. அப்படியே மட்டத்தைப் புரட்டி அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். விலகினால், அந்த விலகலில் பாதி மட்டத்தின் பிழை. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இனித் தீட்டல். இதற்காகத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

புதிய உளியில் கடைக்காரர் தருவது அரைகுறைக் கூர்தான். கூர் என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் ஒரு கோடு: ஒன்று சரிவான முகம், மற்றது தட்டையான முதுகு. எல்லாரும் முகத்தையே தேய்க்கிறார்கள், முதுகை மறந்துவிடுகிறார்கள். முதுகில் கோடும் குழியும் இருக்கும்வரை, முகத்தை நாள் முழுதும் தேய்த்தாலும் விளிம்பு பொரிபொரியாகத்தான் வரும். ஆகையால் முதலில் முனையை ஒட்டி ஓர் அங்குல நீளத்துக்கு முதுகைக் கல்லில் படியவைத்து, விரலால் அழுத்தி, முன்னும் பின்னும் தேயுங்கள். பிடியைச் சற்றும் தூக்கக் கூடாது. உங்கள் முகம் அதில் மங்கலாகத் தெரியும் வரை செய்யுங்கள். கை வலிக்கும்; ஆனால் ஓர் உளிக்கு ஒருமுறை செய்தால் போதும்.

பிறகு சரிவு. கோணமானி வேண்டாம். சரிவின் நீளம் உளித்தகட்டின் பருமனைப்போல் சரியாக இரண்டு மடங்கு இருந்தால் அது 30 பாகை. இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் 25 பாகை. மாமரம் போன்றவற்றில் கையால் சீவுவதற்கு 25 போதும். தேக்கிலும் வேங்கையிலும் கொட்டாப்புளியால் அடித்துத் துளை வெட்ட 30 வேண்டும். இல்லாவிட்டால் முனை உதிரும். சரிவு முழுவதும் கல்லில் உட்கார்ந்ததைக் கை உணர்ந்தபின், மணிக்கட்டைப் பூட்டிக்கொண்டு உடம்போடு சேர்ந்து அசையுங்கள். மணிக்கட்டு ஆடினால் முகம் வயிறுபோல் உப்பிவிடும். அந்த உளி மரத்தில் இறங்காது, வழுக்கும்.

எத்தனை முறை தேய்ப்பது என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். முதுகுப்புறம் விளிம்பில் மெல்லிய பிசிறு ஒன்று சுருண்டு எழும். கட்டைவிரலை விளிம்புக்குக் குறுக்காக, வெளிப்பக்கம் தள்ளித் தடவிப் பாருங்கள். விளிம்பின் வழியாக ஓட்டிப் பார்த்தால் விரல்தான் போகும். மூலைக்கு மூலை பிசிறு வந்துவிட்டால் இரண்டு பரப்பும் சந்தித்துவிட்டன. கல்லைத் திருப்பி, மெல்லிய பக்கத்தில் மறுபடி தீட்டி, முதுகை ஒரு தரம் படியவைத்து இழுத்தால் பிசிறு கழன்றுவிடும். கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டைப் பலகையில் ஒட்டி அதில் பின்னோக்கி மட்டும் பத்துத் தரம். முன்னோக்கித் தள்ளினால் தோல் அறுந்துபோகும். கூர் வந்ததா என்று முழங்கை மயிரை மழித்துக் காட்டுவது வீரப் பிரதாபம். பேக்கிங் பெட்டி மரத்துண்டின் வெட்டு முனையைச் சீவிப் பாருங்கள். நொறுங்காமல், பளபளப்பான பரப்பை விட்டுக்கொண்டு சீவல் வந்தால் அதுவே சான்றிதழ்.

கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 1890-களில் அமெரிக்காவில் எட்வர்டு அச்சிசன் மின்சார உலையில் ஆக்கிய பொருள்தான் கார்பரண்டம். நம் சென்னையிலேயே 1954-ல் கார்பரண்டம் யூனிவர்சல் நிறுவனம் தொடங்கப்பட்டு, திருவொற்றியூரில் சாணைப் பொருள்களைச் செய்துவருகிறது. ஆக, நல்ல கல்லுக்காகக் கப்பலை எதிர்பார்க்க வேண்டியதில்லை. கல்லில் தண்ணீர் விடலாம், எண்ணெய் விடலாம். ஆனால் ஒருமுறை எண்ணெய் குடித்த கல்லுக்கு எப்போதும் எண்ணெய்தான். நடுவில் மட்டுமே தேய்த்தால் கல் குழிந்துவிடும். குழிந்த கல்லில் நேரான விளிம்பு பிறக்காது. தட்டையான கருங்கல் பலகையில் மணலும் தண்ணீரும் தூவி, கல்லைக் கவிழ்த்து அரைத்தால் மறுபடி மட்டமாகும். சைக்கிளில் வரும் சாணைக்காரர் அரிவாள்மணைக்கு மிகவும் நல்லவர். உளியை மட்டும் அவரிடம் கொடுக்காதீர்கள். தீப்பொறி பறக்கும் அந்தச் சக்கரத்தில் நீலம் பாய ஒரு நொடி போதும்.

எத்தனை தடவை தீட்டுவது? மழுங்கியபின் அல்ல, மழுங்கத் தொடங்கும்போதே. தேக்கில் மணற்சத்து கலந்திருப்பதால் அது கூரைச் சீக்கிரம் தின்றுவிடும். இடித்த வீட்டுப் பழைய தேக்கு என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். உள்ளே ஒடிந்த ஆணி இருக்கும். இழைப்பதற்குமுன் ஒரு காந்தத்தை மரத்தின்மேல் ஓட்டிப் பாருங்கள். தாய்மார்களுக்கும் ஒன்று சொல்கிறேன். கூரான கருவிதான் பிள்ளையின் கையை வெட்டும் என்று பயப்படாதீர்கள். மழுங்கிய உளியைப் பலங்கொண்டு தள்ளுகிறபோதுதான் அது நழுவி இடது கையில் பாய்கிறது. தம்பிமார்களே, இரண்டு கைகளும் எப்போதும் முனைக்குப் பின்னால் இருக்கட்டும்.

இழைப்புளியின் அலகையும் இதே முறையில்தான் தீட்ட வேண்டும். மரக்கட்டை இழைப்புளியில் அலகின் தலையில் தட்டினால் அலகு இறங்கும். கட்டையின் பின்முனையில் தட்டினால் ஏறும். கடுதாசிபோன்ற சுருள் வந்தால் போதும், நிறுத்துங்கள். மரத்தின் ஓட்டத்தைப் பார்த்து இழையுங்கள். எதிர்த்து இழைத்தால் பிய்ந்துகொண்டு வரும்.

ரம்பம்? முக்கோண அரத்தால் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுப்பு. நெடுக்கறுப்புப் பல் சிற்றுளிபோல் நேராக இருக்கும். குறுக்கறுப்புப் பல் கத்திபோல் சாய்ந்திருக்கும். ஒன்றுவிட்டு ஒரு பல்லை இடமும் வலமும் விலக்கினால்தான் தகடு சிக்காமல் ஓடும்; அந்த விலக்கமும் பல்லின் மேல்பாதியோடு நிற்க வேண்டும். அடிவரை வளைத்தால் பல் ஒடியும். இப்போது கடைகளில் பல்நுனி கருநீலமாக இருக்கும் ரம்பங்கள் நிறைய வருகின்றன. மின்சாரத்தால் கடினமாக்கிய பல் அது, அரம் பிடிக்காது. மழுங்கினால் தூக்கியெறிய வேண்டியதுதான். உங்கள் பெட்டியில் இருப்பது அரம் பிடிக்கும் ரம்பம். விலை சற்றுக் கூடுதலானாலும் விழாக் குழுவினரிடம் வற்புறுத்தி வாங்கச் சொன்னேன்.

நம்மூர் மழைக்காலக் காற்றில் ஒரே இரவில் துரு ஏறும். வேலை முடிந்ததும் துடைத்து, தையல் மிஷின் எண்ணெயைத் துணியில் நனைத்து ஒரு பூச்சு. உளிகளைப் பெட்டிக்குள் ஒன்றோடொன்று மோதவிடாமல் துணியில் சுருட்டிவையுங்கள்.

மிஷின் கேட்டவர்களுக்கு விழாக் குழுவின் சார்பில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த ஐவரும் ஆறு மாதத்துக்குள் துளையும் கழுந்தும் கொண்ட ஒரு முக்காலியை ஆணியில்லாமல் செய்து காட்ட வேண்டும். செய்துவிட்டால், மீதமுள்ள பணத்தில் ஐவருக்கும் பொதுவாக ஒரு துளைபோடும் மிஷின் வாங்கித் தருவதாகக் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. பெரிய சாணைக்கல்லும் கருங்கல் பலகையும் பங்கு இல்லத்தின் பின்திண்ணையில் இருக்கும். சனிக்கிழமை மாலையில் வாருங்கள். மன்றத்தில் இல்லாதவர்களும், வேறு கோவிலுக்குப் போகிறவர்களும் தாராளமாக வரலாம். தண்ணீர் வாளியை மட்டும் நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். கோவில் பிள்ளைக்கு அன்று மணியடிக்கும் வேலை இருக்கிறது.