மரக்கால் யாருடையது?

(நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவு)



எந்த ஆசிரியரின் நினைவாக நாம் இன்று கூடியிருக்கிறோமோ, அவர் கடைசிவரை வாடகை வீட்டில்தான் இருந்தார். அவர் மறைந்த பிறகு பிள்ளைகளும் பழைய மாணவர்களும் சேர்ந்து போட்ட வைப்புநிதியின் வட்டியில்தான் ஆண்டுதோறும் இந்தக் கூட்டம் நடக்கிறது. வாழ்வில் வென்றவரா, தோற்றவரா? அவரோடு ஒரே பள்ளியில் பணிசெய்தவன் என்ற முறையில் இந்தக் கேள்வி என்னைச் சும்மா விட்டதில்லை. ஆகவே அழைப்பு வந்தவுடன், வாழ்க்கையின் நிறைவை எப்படி அளப்பது என்பதையே பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

களத்துமேடு

சிறுவயதில் களத்துமேட்டில் நெல் அளப்பதைப் பார்த்திருக்கிறேன். முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ண மாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். அடுத்ததிலிருந்து ரெண்டு, மூணு என்று போகும். அந்த மங்கலச் சொல்லுக்குப் பின்னால் சச்சரவும் வரும். தலை தட்டி அளப்பதா, கூம்பாக விட்டு அளப்பதா? கடன் கொடுத்தவர் தம் வீட்டு மரக்காலைக் கொண்டுவந்தால், என் பாட்டனார் முகம் சுருங்கிவிடும். கொடுக்க ஒரு மரக்கால், வாங்க ஒரு மரக்கால் வைத்திருந்த காலம் அது. நெல் அதே நெல்தான். மரக்கால் மாறினால் வீட்டுக்கு வரும் மூட்டை மாறும்.

வாழ்க்கைக் கணக்கும் அப்படித்தான் என்பது என் கட்சி. நம்மில் பலருக்கு விளைச்சலில் குறை கிடையாது. அளப்பது அடுத்தவர் மரக்கால்.

பத்துப் படி ஏணி

நிறைவை அளக்க முடியுமா என்று கேட்டால், உளவியலார் முடியும் என்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஹாட்லி கான்ட்ரில் 1965-இல் வெளியிட்ட நூலில் ஓர் ஏணியைப் பயன்படுத்தினார். கீழே 0, உச்சியில் 10. உச்சி என்பது உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை. அடி என்பது மிக மோசமான வாழ்க்கை. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? கேள்வி இவ்வளவுதான். 2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கை நாடுகளை வரிசைப்படுத்துவதும் இந்த ஏணியை வைத்துத்தான். 2018 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் பின்லாந்து முதலிடம் பெற்றது.

எட் டீனரும் அவருடைய சகாக்களும் 1985-இல் வேறொரு கருவி கொடுத்தார்கள். ஐந்தே வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். கூட்டினால் குறைந்தது 5, அதிகம் 35. மறுபடி வாழக் கிடைத்தால் எதையாவது மாற்றுவீர்களா என்ற பொருளில் அமைந்த கடைசி வாக்கியத்தைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

வரிசைப் பட்டியல் செய்தித்தாளுக்குப் போதும். எனக்குப் பிடித்தது கான்ட்ரில் செய்த ஒரு காரியம். உச்சிப்படியில் என்ன இருக்கிறது என்று அவர் எழுதிவைக்கவில்லை. பதில் சொல்பவரே தம் மனத்தில் அதை எழுதிக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் நடப்பது நேர்மாறு. பிள்ளை பிறக்கும்போதே பத்துப் படிகளிலும் பெயர் எழுதி முடித்துவிடுகிறோம்: மதிப்பெண், கல்லூரி, சம்பளம், சொந்த வீடு, வெளிநாடு, திருமண மண்டபத்தின் அளவு. அந்தப் பிள்ளைக்கு மிச்சம் இருக்கும் வேலை ஏறுவது மட்டும்.

பக்கத்து வீட்டு உயரம்

பொருளியலாளர் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் 1974-இல் ஒரு முரணைச் சுட்டினார். ஒரு நாட்டுக்குள் பார்த்தால், பணம் உள்ளவர்கள் இல்லாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் மொத்த வருமானம் பெருகியபோதும் சராசரி மகிழ்ச்சி அதற்கேற்ப உயரவில்லை. இந்த முடிவைப் பின்னால் வந்தவர்கள் மறுத்திருக்கிறார்கள். 2008-இல் ஸ்டீவன்சன், வொல்ஃபர்ஸ் இருவரும் நாடு வளம்பெற நிறைவும் கூடுகிறது என்று வாதிட்டார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. பசியில் இருப்பவனுக்குப் பணம் நிறைவு தரும் என்பதில் இரு தரப்புக்கும் சண்டை கிடையாது. வறுமைக்கு நிறைவு உபதேசம் செய்வது பாவம். அதை நான் செய்யமாட்டேன்.

ஈஸ்டர்லின் தந்த விளக்கம் நமக்குப் பழகியது. எல்லார் வீடும் மாடி ஏறினால் நம் மாடி யார் கண்ணிலும் படாது. ஒப்பிட்டு அளப்பவனுக்கு மரக்கால் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போகும்.

1880, அக்டோபர் 21

அப்படியானால் அவரவர் மரக்காலை அவரவர் வைத்துக்கொண்டால் தீர்ந்ததா? அங்கேதான் சிக்கல். நம் மரக்கால் நமக்குச் சாதகமாகப் பேசும். இதற்குச் சான்றாக ஒரு வியாழக்கிழமையைச் சொல்கிறேன்.

உ. வே. சாமிநாதையருக்கு அப்போது 25 வயது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அந்த ஆண்டுதான் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்திருந்தது; மாதம் 50 ரூபாய். நிறைவுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஊருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று இவர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் அசையவில்லை. இவற்றால் என்ன பயன் என்று கேட்டார். சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்றார். படித்தது இருக்கட்டும், புத்தகத்தையே கண்ணால் பார்த்ததில்லை இவர்.

அவர் ‘என் சரித்திர’த்தில் தாமே எழுதிவைத்த காட்சி இது. எத்தனை நூல் என்ற மரக்காலில் அதுவரை நிறைய நிறைய அளந்தவர், ஒரே கேள்வியில் களம் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்தார். நம்மில் ஒருவராக இருந்தால் என்ன செய்திருப்போம்? ‘பெரிய இடத்துக்காரர், திமிர்’ என்று வீடு திரும்பி நம் பட்டியலைத் தடவிக்கொடுத்திருப்போம். அவர் மறுபடி போனார். முதலியார் கொடுத்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியை வாங்கிக்கொண்டார். சைவ மரபில் படித்தவர், சமண நூலின் பொருள் விளங்காமல் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தார். சிந்தாமணி 1887-இல் அச்சேறியது. பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. குறுந்தொகைப் பதிப்பு 1937-இல் வந்தபோது அவருக்கு 82 வயது.

இதில் நான் கற்றுக்கொண்டது ஒன்று. அடுத்தவர் மரக்கால் நம்மைக் கொள்ளையடிக்கும். சொந்த மரக்கால் நம்மை முகத்துதி செய்யும். இரண்டுக்கும் நடுவில், வேலையின் அருமை தெரிந்த ஒருவர் வந்து கேட்கும் கேள்வி தேவைப்படுகிறது. அந்தக் கேள்விக்குப் பிறகு பிறக்கும் நிறைவு உறுதியானது. தமிழில் ‘நிறை’ என்றால் நிரம்புவதும் உண்டு, எடையும் உண்டு. வெறுமனே நிரம்பியது காற்றாகவும் இருக்கலாம். தராசில் நின்றால்தான் தெரியும்.

திரும்பி வராத மோட்டார்

பெரியவர்கள் கதை போதும். என் மாணவர் ஒருவர், பத்தாம் வகுப்பில் கணக்கில் இரண்டு முறை தவறியவர், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். பழைய மாணவர் சந்திப்புக்கு வந்தார். ஒவ்வொருவராக எழுந்து தம் நிறுவனம், பதவி, வசிக்கும் நாடு என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். இவர் முறை வந்தபோது கொஞ்சம் தயங்கினார். பிறகு சொன்னார்: “நான் காயில் கட்டின மோட்டார் ஒரு வருஷத்துக்குள்ள திரும்பி வந்தா, கூலி வாங்காம மறுபடி கட்டிக் குடுப்பேன் சார். போன வருஷம் ஒண்ணுகூட வரலை.”

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று பேசியவர்களிலேயே தம் மரக்காலைத் தாமே செய்துகொண்டவர் அவர் ஒருவர்தான். அதிலும் ஏமாற்ற இடமில்லாத மரக்கால். அவர் வேலையைச் சரிபார்ப்பவர், கிணற்றடியில் நின்று தண்ணீர் வருகிறதா என்று பார்க்கும் விவசாயி. யாரும் தாழ்ந்தால்தான் அவர் உயர வேண்டும் என்ற கட்டாயமும் அதில் இல்லை. அந்தத் தொழிலில் போதும் என்று அவர் இன்னும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போதுமா என்று கேட்டால் போதும் என்கிறார். வேலையில் போதாது, பொருளில் போதும். இந்த இரண்டையும் இடம் மாற்றிப்போட்டுக்கொண்டவர்கள்தான் நம்மில் அதிகம்.

முடிவாக

மாணவச் செல்வங்களே, இன்று இரவு ஒரு தாளில் பத்துப் படி ஏணி ஒன்று வரையுங்கள். உச்சிப்படியில் உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள். எழுதியதை, உங்கள் வேலையை அறிந்த, உங்களுக்கு முகத்துதி செய்யாத ஒருவரிடம் காட்டுங்கள். அவர் கேட்கும் கேள்வி சுடும். மறுபடியும் அவரிடம் போங்கள்.

பெற்றோரே, பிள்ளை எழுதும் முன் அந்த வரியை நீங்கள் எழுதிவிடாதீர்கள்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வாடகை வீட்டில் இருந்த அந்த ஆசிரியர், வகுப்பில் கடைசிப் பையனும் வாய்விட்டுப் படிக்கும்வரை அடுத்த பாடத்துக்குப் போகமாட்டார். அதுதான் அவருடைய மரக்கால். அந்த மரக்காலில் அவர் தலை தட்டாமல் அளந்துவிட்டுப் போயிருக்கிறார்.